கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கும் முன்: அமெரிக்க ஹை ஸ்கூல் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம் பள்ளியிலிருந்து வரும் சப்ளை லிஸ்ட்டில் பென்சில், பைண்டர், இண்டெக்ஸ் கார்டு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வரி இருக்கும்: "டிஐ-84 அல்லது அதற்கு இணையான கிராஃபிங் கால்குலேட்டர்". கடையில் போய்ப் பார்த்தால் 120, 150 டாலர் என்று விலை போட்டிருக்கும். மற்ற எல்லாச் சாமான்களுக்கும் சேர்த்து ஆகும் செலவைவிட இந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு அதிகம்.

நம்மில் பலர் பிளஸ் டூவில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் படித்தவர்கள். காலேஜில் சேர்ந்த பிறகுதான் கேசியோ எஃப்எக்ஸ்-991 கைக்கு வந்தது. வரைபடம் என்றால் கிராஃப் தாளும் ஸ்கேலும் கூராகச் சீவிய பென்சிலும்தான். அதனால் "வரைபடம் போட்டுக் காட்ட ஒரு மெஷினா, அதுவும் இந்த விலைக்கா?" என்று தோன்றுவது இயல்பு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிய அனுபவத்திலும், வார இறுதியில் தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் அனுபவத்திலும் எனக்குத் தெளிவான ஒரு விஷயம் உண்டு. வகுப்பில் டீச்சர் கையில் எது இருக்கிறதோ, அதுவே உங்கள் பிள்ளைக்குச் சரியான கருவி. விலையும் வண்ணத்திரையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

மூத்தவளுக்கு வாங்கும்போது எனக்கு இது தெரியாது. "ஒரே தடவை வாங்குகிறோம், நல்லதாகவே வாங்கிவிடுவோம்" என்று நினைத்து, சமன்பாட்டை எழுத்துகளோடு அப்படியே தீர்த்துக் கொடுக்கும் விலை உயர்ந்த மாடலை வாங்கினேன். வகுப்பில் டீச்சர் சொல்லும் பட்டன் எதுவும் அதில் இல்லை. "நீ மேனுவல் பார்த்து நீயே கண்டுபிடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி சேர்க்கைக்கான ஏசிடி தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்த மாடல் தேர்வு அறைக்குள்ளேயே போகக் கூடாது என்று படித்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் பழைய கால்குலேட்டரை இரவல் வாங்கிக்கொண்டு அவள் தேர்வு எழுதினாள். அந்தப் பதற்றம் இன்னொரு வீட்டில் வரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏன் எங்கே பார்த்தாலும் டிஐ-84?

முதலில் சந்தைக்கு வந்த கிராஃபிங் கால்குலேட்டர் 1985-ல் கேசியோ கொண்டுவந்த எஃப்எக்ஸ்-7000ஜி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (சுருக்கமாக டிஐ) ஐந்து ஆண்டு கழித்து, 1990-ல்தான் டிஐ-81-ஐ வெளியிட்டது. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் ஆழமாக நுழைந்தது அந்த இரண்டாவது நிறுவனம். 1995 முதல் ஏபி (ஹை ஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கால்குலஸ் தேர்வில் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயமானது. அடுத்த ஆண்டே டிஐ-83 வந்தது. 2004-ல் டிஐ-84 பிளஸ், 2015-ல் வண்ணத்திரையோடு டிஐ-84 பிளஸ் சிஇ. இத்தனை ஆண்டுகளில் பட்டன்களின் அமைப்பை அவர்கள் பெரிதாக மாற்றவே இல்லை. 1990-களில் கற்றுக்கொண்ட ஒரு டீச்சர் இன்றைய மாடலையும் கண்ணை மூடிக்கொண்டு இயக்க முடியும். பாடப்புத்தகங்கள் அந்தப் பட்டன்களைப் படம் போட்டே விளக்குகின்றன. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளங்காவிட்டால் பக்கத்து நாற்காலிப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும்.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த வசதிக்குத்தான் போகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸை மட்டும் பார்த்தால், டிஐ-84 பிளஸ் சிஇ-யின் பிராசசர் 48 மெகாஹெர்ட்ஸ், திரை 320-க்கு 240 புள்ளிகள். உங்கள் பழைய போன்கூட இதைவிடப் பல மடங்கு திறமையானது. ஆனால் போனைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள்.

படி 1: இப்போதே தேவையா என்று பாருங்கள்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தேவையில்லை. 15 டாலருக்குள் கிடைக்கும் டிஐ-30எக்ஸ் போன்ற சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். ஜியோமெட்ரி வகுப்புக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

உண்மையில் தேவை தொடங்குவது ஆல்ஜீப்ரா 2-ல். அங்கேதான் இருபடி, முப்படிச் சார்புகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கைகள் எல்லாம் வரைபடமாகப் பேசப்படுகின்றன. ப்ரீகால்குலஸ், கால்குலஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்புகளில் அன்றாடம் கை போகும் கருவி அது. ஆல்ஜீப்ரா 1 மட்டும் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கில் ஆல்ஜீப்ரா 1-க்கான ரீஜென்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வுக்கே ஒவ்வொரு மாணவர் கையிலும் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அங்கேயும் பல பள்ளிகள் வகுப்பறையில் ஒரு செட் வைத்திருக்கின்றன. அந்த நாளுக்கு மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 எடுக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் நிறைய. அவர்களுக்கு வாங்கினால் நான்கைந்து வருடம் உழைக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த வயதில் தொலைந்துபோகும் வாய்ப்பும் அதிகம். பள்ளியில் செட் இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள்.

பணம் ஒரு சுமை என்றால், வாங்குவதற்கு முன்பே டீச்சருக்கோ கவுன்சிலருக்கோ ஒரு மெயில் போடுங்கள். வருடம் முழுவதற்கும் கடனாகக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. சில ஊர்களில் பொது நூலகத்தில்கூட லைப்ரரி கார்டுக்கு இரவல் கிடைக்கும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

படி 2: டீச்சரிடம் மூன்று கேள்வி

பள்ளி திறந்த முதல் வாரம் வரை காத்திருந்தால் நல்லது. சப்ளை லிஸ்ட் பழைய வருடத்துடையதாக இருக்கலாம், டீச்சர் மாறியிருக்கலாம். நான் கேட்கச் சொல்வது இந்த மூன்றைத்தான்:

"வகுப்பில் நீங்கள் எந்த மாடலில் செய்து காட்டுகிறீர்கள்?"

"வகுப்புத் தேர்வுகளில் கையில் வைத்திருக்கும் கால்குலேட்டரா, குரோம்புக்கில் இருக்கும் டெஸ்மோஸ் என்ற இலவச கிராஃபிங் கால்குலேட்டரா?"

"அடுத்த வருட வகுப்பிலும் இதே மாடல்தானா?"

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் செலவு செய்வதா வேண்டாமா என்பதே அடங்கியிருக்கிறது. மாநிலத் தேர்வுக்கு டெஸ்மோஸ் இருந்தாலும், வகுப்பில் நடக்கும் சின்னச் சின்ன டெஸ்ட்டுகளுக்கு கம்ப்யூட்டரைத் திறக்கவே விடாத டீச்சர்கள் நிறையப் பேர். அப்படியானால் வாங்கித்தான் ஆக வேண்டும். மூன்றாவது கேள்வியை என் மகன் வகுப்பில் கேட்டதால் எங்களுக்கு நூறு டாலர் மிச்சம். அவன் டீச்சர், "நான் எதை வேண்டுமானாலும் அனுமதிப்பேன். ஆனால் அடுத்த வருடம் கால்குலஸ் எடுப்பவர் 84-ல்தான் சொல்லிக்கொடுப்பார்" என்று எழுதியிருந்தார். அதனால் வேறு பிராண்டை வாங்கிவிட்டு மறு வருடம் மாற்றும் வேலை இல்லாமல் போயிற்று.

படி 3: எழுதப்போகும் தேர்வுகளைப் பட்டியலிடுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எல்லாக் குழப்பமும் சிஏஎஸ் (கம்ப்யூட்டர் அல்ஜீப்ரா சிஸ்டம்) என்ற மூன்று எழுத்தைச் சுற்றித்தான். எக்ஸ் ஸ்கொயர்ட் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6 என்று கொடுத்தால் சாதாரண கிராஃபிங் கால்குலேட்டர் வரைபடம் போட்டு 2, 3 என்ற மூலங்களை எண்ணாகக் கண்டுபிடிக்கும். சிஏஎஸ் உள்ள மெஷின் அதையே காரணிகளாகப் பிரித்து எழுத்தோடு காட்டும். வகைக்கெழுவையும் தொகையையும்கூட சூத்திரமாகவே எழுதிக் கொடுத்துவிடும். அதாவது, பிள்ளை செய்ய வேண்டிய அல்ஜீப்ராவை அது செய்துவிடும். அதனால்தான் தேர்வு நடத்துபவர்கள் அதைத் தடுக்கிறார்கள்.

எஸ்ஏடி: இதுவும் கல்லூரி சேர்க்கைக்கான தேர்வு. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுக்க கம்ப்யூட்டரில் நடக்கிறது. கணக்குப் பகுதியில் இரண்டு மாட்யூல், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், மொத்தம் 44 கேள்வி. எல்லாவற்றுக்கும் கால்குலேட்டர் அனுமதி உண்டு. தேர்வு எழுதும் ப்ளூபுக் ஆப்பிலேயே டெஸ்மோஸ் இருக்கிறது. சொந்தக் கால்குலேட்டரையும் கொண்டுபோகலாம், ஆனால் 2025 ஆகஸ்ட்டிலிருந்து சிஏஎஸ் கூடாது.

ஏசிடி: சிஏஎஸ் அறவே கூடாது. டிஐ-89, சிஏஎஸ் உள்ள என்ஸ்பையர், ஹெச்பி பிரைம், கேசியோவின் கிளாஸ்பேட் எல்லாம் தடைப் பட்டியலில் உள்ளன. காகிதத்தில் எழுதும் பிள்ளை கால்குலேட்டர் வேண்டுமென்றால் சொந்தமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஏபி கால்குலஸ்: இங்கே மட்டும் நிலைமை வேறு. சிஏஎஸ் உள்ளவற்றையும் அனுமதிக்கிறார்கள். ஆனால் 45 கொள்குறி வினாக்களில் 30-க்கு எந்தக் கால்குலேட்டரும் கிடையாது, 15-க்கு மட்டுமே உண்டு. எழுதி விடையளிக்கும் ஆறு கேள்விகளில் முதல் இரண்டுக்குக் கால்குலேட்டர், மீதி நான்கு வெறும் கையால். ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் அப்படியல்ல, தேர்வு முழுவதும் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். ஏபி ப்ரீகால்குலஸ் 2023-24 கல்வியாண்டில்தான் தொடங்கியது. அதிலும் கால்குலேட்டர் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரிவு உண்டு.

ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) படிக்கும் பிள்ளைகளுக்கு: சிஏஎஸ் கூடாது, சேமித்து வைத்ததைத் திறக்க விடாத தேர்வு மோடில் போட்ட பிறகே உள்ளே விடுவார்கள்.

ஒவ்வொரு வருடமும் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது அந்தந்தத் தேர்வின் அனுமதிப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். போன வருடம் அக்கா கொண்டுபோனது இந்த வருடம் தம்பிக்கு அனுமதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எஸ்ஏடி விதியே நம் கண் முன்னால் மாறியது.

டெஸ்மோஸ் இருக்கும்போது வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை இன்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான். டெஸ்மோஸ் இலவசம், போனிலும் குரோம்புக்கிலும் ஓடும். எஸ்ஏடியில் இருக்கிறது, ஏபி தேர்வுகளின் ப்ளூபுக்கில் இருக்கிறது, பல மாநிலத் தேர்வுகளில் இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளை அப்படியே டைப் செய்து, வெட்டும் புள்ளியில் ஒரு தட்டு தட்டினால் விடை வந்துவிடும். சின்ன எல்சிடி திரையில் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சார்புகளைக் கற்கும் பிள்ளைக்கு, ஒரு ஸ்லைடரை இழுத்து வளைகோடு நகர்வதைப் பார்ப்பது எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத புரிதலைத் தரும். விலையைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், கற்றுக்கொள்வதற்கு எனக்கு டெஸ்மோஸ்தான் பிடிக்கும்.

ஆகவே என் கணக்கு இதுதான். பள்ளியில் எல்லா டெஸ்ட்டும் டெஸ்மோஸில் நடக்கிறது, ஏசிடி காகிதத்தில் எழுதும் எண்ணமில்லை என்றால், தயங்காமல் வாங்காமல் விடுங்கள். ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு மட்டும் கையில் ஒன்று இருப்பது நல்லது என்பேன். நார்மல் பரவல், பைனாமியல், டி-டெஸ்ட், நம்பிக்கை இடைவெளி எல்லாம் டிஐ-84-ல் மெனுவாக வரிசையாக இருக்கின்றன. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எஸ்ஏடிக்குப் போகும் பிள்ளை ப்ளூபுக்கின் மாதிரித் தேர்வுகளை அதில் உள்ள டெஸ்மோஸிலேயே செய்து பழக வேண்டும். பட்டியலில் எண்களைப் போட்டு, சமக்குறிக்குப் பதிலாக அலைக்குறி வைத்தால் அது பொருத்தமான நேர்கோட்டைக் கண்டுபிடித்துத் தரும். இதைத் தேர்வு நாளில் முதல்முறையாகப் பார்க்கக் கூடாது.

படி 4: மாடலைத் தேர்ந்தெடுப்பது

டிஐ-84 பிளஸ் சிஇ. டீச்சர் இதைக் கையாள்கிறார் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி, தெளிவான வண்ணத்திரை, பின்னங்களைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே காட்டும் வசதி எல்லாம் உண்டு. பைத்தான் உள்ள பதிப்புக்குக் கூடுதலாக விலை கேட்டால், கணக்கு வகுப்புக்கு அது தேவையில்லை. சார்ஜ் கேபிள் மினி யூஎஸ்பி. வீட்டில் இருக்கும் போன் கேபிள் பொருந்தாது, அதனால் பெட்டியோடு வரும் கேபிளைப் பத்திரமாக வையுங்கள்.

சாதாரண டிஐ-84 பிளஸ், டிஐ-83 பிளஸ். கறுப்பு வெள்ளைத் திரை, நான்கு ஏஏஏ பேட்டரி. மெதுவானவை, பார்க்கவும் பழசாக இருக்கும். ஆனால் ஏபி கால்குலஸ் எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் செய்யும். உறவினர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால் வாங்கி வந்து பேட்டரி போட்டுப் பாருங்கள். பிள்ளை முகம் சுளித்தாலும், மதிப்பெண்ணில் ஒரு வித்தியாசமும் வராது.

டிஐ-என்ஸ்பையர் சிஎக்ஸ் 2. சக்திவாய்ந்தது, திரை அழகு, ஆனால் கம்ப்யூட்டர்போல மெனுக்களுக்குள் போய் வேலை செய்ய வேண்டும். சில பள்ளிகள் முழுக்க இதற்கு மாறியிருக்கின்றன, அங்கே இதுதான் சரி. இதில் சிஏஎஸ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியிலும் மெஷினின் முகப்பிலும் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜி3. "எதுவானாலும் சரி" என்று டீச்சர் சொல்லிவிட்டால், பணத்துக்கு இதைவிட மதிப்பான கருவி எனக்குத் தெரியவில்லை. 50, 60 டாலருக்குள் கிடைக்கும். நம் பழைய 991-ஐப் பழகிய அப்பா அம்மாவுக்கு மெனுக்களும் கொஞ்சம் தெரிந்த முகமாக இருக்கும். வண்ணத்திரை வேண்டுமென்றால் எஃப்எக்ஸ்-சிஜி50. வகுப்பில் டீச்சர் சொல்லும் பட்டன் இதில் இருக்காது என்பதுதான் ஒரே குறை. தானே தேடிக் கற்கும் பிள்ளை என்றால் அது ஒரு வாரத்துச் சங்கதி. தயங்கும் பிள்ளை என்றால் அந்தச் சிரமம் வருடம் முழுக்க நீடிக்கும். உங்கள் பிள்ளை எப்படி என்பது உங்களுக்குத் தெரியும்.

நம்வொர்க்ஸ். 2017-ல் வந்த பிரெஞ்சுத் தயாரிப்பு. போன் ஆப்போல எளிமையாக இருக்கும், விலை ஏறத்தாழ நூறு டாலர். இதை வாங்காமலே அவர்கள் தளத்தில் அப்படியே இயக்கிப் பார்க்கலாம். பிள்ளையை அரை மணி நேரம் அதில் உட்கார வைத்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹெச்பி பிரைம் போன்ற சிஏஎஸ் மெஷின்களைப் பள்ளிக்காக வாங்க வேண்டாம். "பின்னால் காலேஜில் உதவும்" என்று கடையில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பல பல்கலைக்கழகங்களில் முதல் வருடக் கால்குலஸ் தேர்வுக்கு எந்தக் கிராஃபிங் கால்குலேட்டரையும் விடுவதில்லை. இன்ஜினியரிங் முடிப்பவர்கள் தொழில் உரிமத்துக்காக எழுதும் எஃப்இ தேர்வின் அனுமதிப் பட்டியலில் இருப்பவை சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் மட்டுமே. அதில் நம்முடைய எஃப்எக்ஸ்-991 குடும்பமும் ஒன்று.

படி 5: எங்கே, எப்போது வாங்குவது

ஜூலை, ஆகஸ்ட்டில் பேக் டு ஸ்கூல் தள்ளுபடி வரும். அப்போது 84 சிஇ-யின் விலை கணிசமாக இறங்கும். ஏப்ரலில், ஏபி தேர்வுக்கு முன்னால் அவசரத்துக்கு வாங்கினால் முழு விலைதான்.

பழசு வாங்குவதில் தவறே இல்லை. இந்தக் கருவிகள் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் மே, ஜூன் மாதங்களில் விற்பார்கள். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் பாதி விலைக்கு, சில சமயம் சும்மாவே கிடைக்கும். வாங்கும்போது ஆன் செய்து பாருங்கள். திரையில் செத்த கோடுகள் இருக்கின்றனவா, ஒவ்வொரு பட்டனும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். ஏஏஏ பேட்டரி மாடல் என்றால் பின்மூடியைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பேட்டரி கசிந்த மெஷின் எந்த நாளும் நம்மைக் கைவிட்டுவிடலாம். சிஇ-யின் பேட்டரி பழசாகியிருந்தால் கவலையில்லை, அதை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

இன்னொன்று. உடல் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருந்தாலோ, பின்னால் பள்ளிப் பெயர் பொறித்திருந்தாலோ வாங்காதீர்கள். பள்ளிகளுக்கென்று டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மஞ்சள் நிறத்தில் தனியாக விற்கிறது, தொலைந்தால் எளிதில் கண்டுபிடிப்பதற்காக. அது பெரும்பாலும் ஏதோ ஒரு வகுப்பறையின் சொத்து.

படி 6: வாங்கிய அன்று மாலை ஒரு மணி நேரம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் பையில் போட்டுவிடுவார்கள், முதல் டெஸ்ட் அன்றுதான் மெஷினோடு சண்டை தொடங்கும். பிள்ளையோடு உட்கார்ந்து கீழே உள்ளதைச் செய்யுங்கள். டிஐ-84-ஐ வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் இதே சோதனைகள் பொருந்தும்.

முதலில் மோட் பட்டன். ரேடியனா, டிகிரியா? சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது, மைனஸ் 0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. ஜியோமெட்ரியில் டிகிரி, கால்குலஸில் ரேடியன். இந்த ஒரு அமைப்பால் இழந்த மதிப்பெண்களை நான் எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். கால்குலஸ் மாணவருக்கு இன்னொரு சோதனை உண்டு. சைன் எக்ஸ்-ஐ 0 முதல் பை வரை தொகையிட்டால் 2 வர வேண்டும். டிகிரியில் மாட்டிக்கொண்டிருந்தால் 0.086 என்று ஏதோ ஒன்று வரும்.

அடுத்து, கழித்தல் பட்டன் வேறு, எதிர்மறைக் குறிப் பட்டன் வேறு. வலது ஓரத்தில் இருப்பது கழித்தல். கீழ் வரிசையில் அடைப்புக்குறிக்குள் இருப்பது எதிர்மறை. மாற்றி அழுத்தினால் பெரும்பாலும் சின்டாக்ஸ் எரர். அதோடு, மைனஸ் 3-ஐ அடைப்புக்குறி இல்லாமல் வர்க்கப்படுத்தினால் மைனஸ் 9 வரும். பிள்ளை 9 எதிர்பார்த்திருக்கும். மெஷின் சொல்வதுதான் சரி, வர்க்கம் முதலில், குறி பிறகு. ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும்.

இப்போது வரைபடம். ஒய் சமம் பட்டனில் எக்ஸ்² − 50 கொடுத்து, ஜூம் போய் 6-ஐ அழுத்துங்கள். திரையில் பரவளையம் தெரியாது. இடதும் வலதுமாகச் செங்குத்தான இரண்டு துண்டுக் கோடுகள் மட்டும் தெரியும். மெஷின் கெட்டுப்போகவில்லை. அது மைனஸ் 10 முதல் 10 வரை மட்டுமே காட்டுகிறது, வளைவின் அடிப்பகுதியோ மைனஸ் 50-ல் இருக்கிறது. விண்டோ பட்டனில் ஒய்-யின் குறைந்த அளவை மைனஸ் 60 ஆக்குங்கள், முழு வளைவும் வந்துவிடும். கிராஃப் தாளில் நாம் அளவுத்திட்டம் எழுதினோமே, அதே வேலைதான் இது. அளவைத் தேர்ந்தெடுக்கும் மூளை பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும், மெஷின் அதைச் செய்யாது. என் கண்ணில், இந்த ஒரு மணி நேரத்தில் மிக முக்கியமான ஐந்து நிமிடம் இது.

அப்புறம் செகண்ட் பட்டனும் டிரேஸ் பட்டனும் அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் இரண்டாவது, சார்பு பூச்சியமாகும் இடத்தைக் கண்டுபிடிக்கும். இடது எல்லை, வலது எல்லை, ஒரு ஊகம் என்று மூன்று முறை கேட்கும். 7.071 வருகிறதா பாருங்கள். ஐந்தாவது, இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி.

வரைபடம் போடும்போது திடீரென டைமென்ஷன் பற்றி ஒரு எரர் வந்தால் பதற வேண்டாம். ஒய் சமம் திரையின் மேலே பிளாட்1 என்பது யாரோ தொட்டதில் இயங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் போய் என்டர் தட்டினால் அணைந்துவிடும். வகுப்பில் பாதிப் பேருக்கு வருடத்தில் ஒருமுறையாவது இது நடக்கும்.

கால்குலஸ் மாணவர்களுக்குத் தனியாக

ஏபி கால்குலஸ் தேர்வு கால்குலேட்டரிடம் எதிர்பார்ப்பது நான்கே வேலை: கொடுத்த எல்லைக்குள் வரைபடம் வரைவது, சமன்பாட்டின் மூலத்தை எண்ணாகக் காண்பது, ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பு, வரையறுத்த தொகையின் மதிப்பு. இந்த நான்கையும் விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். டிஐ-84-ல் கடைசி இரண்டும் மேத் மெனுவில் எட்டும் ஒன்பதும்.

விடைத்தாளில் மெஷினின் மொழியை எழுதக் கூடாது. தொகைக் குறியை எல்லைகளோடு நம் கணக்கு முறையில் எழுதிவிட்டு, பக்கத்தில் விடை. விடை மூன்று தசம இடத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நடுவில் வரும் எண்களைச் சுருக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால் கடைசி இடம் தவறும். அதனால் இடைவிடையை ஸ்டோ பட்டனால் ஒரு எழுத்தில் சேமித்து, அந்த எழுத்தையே பயன்படுத்தப் பழக்குங்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு

சார்ஜ் போடுங்கள். ஏஏஏ மாடல் என்றால் புது பேட்டரி நான்கைப் பையில் வையுங்கள். ஏபி கால்குலஸ் தேர்வுக்கு இரண்டு கிராஃபிங் கால்குலேட்டர் கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தால் இரவல் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். சில தேர்வுகளில் நினைவகத்தை அழித்த பிறகே எழுத விடுவார்கள். ரீஜென்ட்ஸ் அப்படிப்பட்டது. உள்ளே பிள்ளை எழுதி வைத்த புரோகிராம் ஏதாவது இருந்தால், அதை முன்பே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். அழித்த பிறகு டிகிரி, ரேடியன் அமைப்பும் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். இருக்கையில் உட்கார்ந்ததும் சைன் 30-ஐ ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.